கரையில் நிற்க வேண்டிய நாட்கள்

எனக்குக் கடல் தெரியாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. முதுகுளத்தூர்ப் பக்கம் மானாவாரியில் மிளகாய் போடுகிற வீட்டில் பிறந்தவள் நான். மழை பெய்தால் கண்மாயில் தண்ணீர், பெய்யாவிட்டால் கருவேலங்காடு. தண்ணீரோடு எங்களுக்கு இருந்த சகவாசம் அவ்வளவுதான். விலங்கியல் படித்ததுகூட, அந்த வருடம் கல்லூரியில் அந்தப் பாடத்தில்தான் இடம் மிச்சம் இருந்தது என்பதால். படித்து முடித்துக் கல்யாணமும் ஆகி, வீட்டில் சும்மா உட்கார்ந்து மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் எழுதிப்போட்ட வேலை இது. ஓங்கில்களைக் கணக்கெடுக்கும் ஒரு ஆய்வில் களப்பணியாளர். ஓங்கில் என்றால் டால்பின். வேலை கிடைத்த சேதியைச் சொன்னபோது என்னைப் பெற்ற அய்யா, "அதை எண்ணுறதுக்குச் சம்பளமா குடுப்பாங்க?" என்று கேட்டார்.

கொடுத்தார்கள். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊரில் அறை எடுத்துத் தங்கினேன். என் வீட்டுக்காரர் முதுகுளத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை மாலை பைக்கில் வந்து கூட்டிப்போவார், திங்கட்கிழமை காலை பஸ்ஸில் திரும்பி வருவேன்.

அங்கே கரைக்கும் தீவுகளுக்கும் இடையில், ஆழம் குறைந்த தண்ணீரில் ஒரு வகை ஓங்கில் உண்டு. முதுகில் மாட்டுத் திமில் போல ஒரு மேடு இருக்கும், அதன்மேல் துடுப்பு. கூட்டம் சிறியது. அது எத்தனை, குறைகிறதா கூடுகிறதா, முக்கியமாகக் குட்டி போடுகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. குட்டி பிறக்காத கூட்டம் எத்தனை பெரிதாகத் தெரிந்தாலும் முடிந்துபோன கூட்டம்தான் என்று சென்னையில் இருந்த எங்கள் விஞ்ஞானி சொல்வார். அவரை சார் என்றே சொல்லிவிடுகிறேன். அவர் போனில் கேட்கும் முதல் கேள்வியே, "குட்டி ஏதாவது கண்ணுல பட்டுச்சாம்மா?" என்பதாகத்தான் இருக்கும்.

வேலை முறை கேட்க எளிது. வரைபடத்தில் கோடு போட்டுத் தந்திருப்பார்கள். உழவுச்சால் போல அந்தக் கோட்டின்மேலேயே போட்டை ஓட்ட வேண்டும். போட்டின் மூக்கை அங்கே அணியம் என்பார்கள். நான் அணியத்தில் நின்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஓங்கில் எழும்பினால் இன்ஜினை அணைத்துவிட்டு முதுகுத் துடுப்பைப் படம் எடுக்க வேண்டும். துடுப்பின் ஓரத்தில் கீறல், வெட்டு, பிய்ந்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம் இருக்கும். இது மட்டும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் ஊரில் ஆட்டுக் காதில் வெட்டி அடையாளம் வைப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் ஆயிற்றே.

மற்றதெல்லாம் குழப்பம். இடப்பக்கம் மூன்று எழும்பும். மூழ்கும். வலப்பக்கம் இரண்டு எழும்பும். மொத்தம் ஐந்தா, அல்லது அந்த மூன்றில் இரண்டுதானா? ஆடு என்றால் பட்டியில் அடைத்து எண்ணலாம், இதை எங்கே அடைப்பது? இது போதாதென்று கடற்பன்றி என்று ஒன்று வரும். அதற்கு முதுகில் துடுப்பே கிடையாது, வழுவழுவென்று எழும்பி வழுவழுவென்று மறையும். "இதை எப்படி சார் அடையாளம் வைக்கிறது?" என்று கேட்டால், "அதை விடும்மா, அது வேற கதை" என்பார். வேற கதை என்றால் எனக்குச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

ஆண் எது பெண் எது என்பதும் அப்படித்தான். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்றின் பக்கத்தில் குட்டி விடாமல் நீந்தி வந்தால் அது பெண். குட்டி இல்லையென்றால், எத்தனை வருடம் பார்த்துப் பழகிய துடுப்பாக இருந்தாலும், பெண் என்று எழுதக் கூடாது. தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும். இதை சார் விளக்கியபோது எனக்கு ஏனோ கோபம் வந்தது. கல்யாணமாகி அப்போது எனக்கு ஆறு வருடம். பிள்ளை இல்லை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டு பேரிடமும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குறை என்று ஒன்றைச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம், வைத்தியம் பார்த்திருக்கலாம். ஒன்றுமில்லை, ஆனால் பிள்ளையும் இல்லை என்றால் மனுஷி என்னதான் செய்வாள்?

இனி போட்டுக்கு வருகிறேன். பொம்பளையை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போக அந்த ஊரில் யாரும் சம்மதிக்கவில்லை. ஒரே ஒருவர் சரி என்றார். நாற்பது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார், சொந்தமாக பைபர் போட்டு வைத்திருந்தார். அவர் எனக்கு அண்ணன் ஆனார், அவர் வீட்டம்மா அக்கா. அண்ணன் சரி சொன்ன அன்றைக்கே அக்கா என்னைத் தனியாக அழைத்துப்போய் ஒரு நிபந்தனை போட்டார்.

"அந்த நாள்ல மட்டும் போட்டுல ஏறக் கூடாது தாயி. போட்டு எங்களுக்குச் சாமி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு, நான் அவுக கிட்ட நாளைக்கு மேடம் வரலன்னு சொல்லிக்கிறேன். எதுக்குன்னு அவுக கேக்க மாட்டாக."

கேட்க மாட்டார், சரி. ஆனால் நான் கரையில் நின்றால் ஊருக்கே தெரியும். கருவாடு காயப்போடுகிற பெண்கள், வலை பின்னுகிற ஆண்கள், டீக்கடைக்காரர் என்று அத்தனை பேருக்கும் என் தேதி தெரிந்திருந்தது. எங்கள் ஊரிலும் அந்த நாட்களில் கோயில் பக்கம் போகமாட்டோம். ஆனால் மிளகாய் பறிக்க வராதே என்று யாரும் சொன்னதில்லை. பறிக்க ஆள் வேண்டுமே, அதனால் சொல்லமாட்டார்கள். முதல் சில மாதங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டுக் கரையிலேயே நின்றேன். அந்த நாட்களில் அண்ணன் மீன்பிடிக்கப் போய்விடுவார், அவருக்கும் நஷ்டமில்லை.

சிக்கல் சாரிடமிருந்து வந்தது. "ஏம்மா, ஒவ்வொரு மாசமும் நடுவுல ஒரு ஓட்டை விழுதே, ஏன்?" என்று போனில் கேட்டார். கடல் சரியில்லை சார் என்றேன். மனிதர் அதோடு விட்டாரா? அந்தத் தேதிகளின் காற்று வேகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். "அன்னைக்குக் காத்தே இல்லையேம்மா. அது எப்படி ஒரு மாசத்துல ஒரே ஒரு வாரம் மட்டும் கடல் மோசமாகுது?" உடம்பு சரியில்லை என்று இழுத்தேன். "மாசா மாசமா?" என்று கேட்டவர், பாதியிலேயே புரிந்துகொண்டு, "ஓ, சரி சரி, எப்படியாவது பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டார். எப்படிப் பார்த்துக்கொள்வது? போட்டு சாமி என்கிறார் ஒருவர், ஓட்டை விழக் கூடாது என்கிறார் இன்னொருவர். நடுவில் என் வயிற்றுவலி யாருக்கும் கணக்கில்லை.

அடுத்த மாதம் நான் அக்காவிடம் சொல்லவில்லை. பேசாமல் ஏறிவிட்டேன். முதல்நாள் கொஞ்சம் பயம்தான், பொய் சொல்வானேன். கடல் ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்குப் பார்த்து ஓங்கில்கள் கூட்டமாக வந்து போட்டைச் சுற்றி விளையாடின, என் படங்களிலேயே நல்ல படங்கள் அன்றைக்கு எடுத்தவைதான். அதற்குப் பிறகு எல்லா நாளும் ஏறினேன். இதைத் தப்பென்று நான் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

இரண்டு மூன்று மாதம் ஓடியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் போட்டுக்குப் போனால் நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார் அண்ணன்.

"இது எதுக்குண்ணே?"

"அதுல உக்காரு தாயி. அணியத்துல நிக்க வேணாம்."

தாயி என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை மேடம் என்று மட்டும்தான் கூப்பிட்டிருந்தார். அணியத்தில் நிற்காமல் நான் எதைப் பார்ப்பது என்று கேட்டேன். உக்காரு தாயி என்று மறுபடி சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். இன்ஜினை அவர் ஓட்டிய விதத்தில் பக்கத்தில் ஆமை போயிருந்தால் எங்களை முந்தியிருக்கும். தூரத்தில் ஓங்கில் எழும்பியது. கிட்டே போங்கண்ணே என்றேன். அலை அடிக்கும் என்றார். அலை அடிக்காத கடல் எங்கே இருக்கிறது? கடலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற என்னைக் கரையிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது.

அது ஒரு நாளோடு நிற்கவில்லை. கேமராப் பையை என்னைத் தூக்க விடமாட்டார். கொஞ்சம் காற்று கிளம்பினால், "காத்து சரியில்ல, இன்னைக்கு வேணாம்" என்று திருப்பிவிடுவார். மற்ற போட்டெல்லாம் கடலில் இருக்கும். சார் வேறு, "என்னம்மா, எல்லாப் படமும் தூரத்துலயே இருக்கு, துடுப்பா காக்காயான்னே தெரியல" என்று வறுத்தெடுத்தார். கருவாட்டுப் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா தினமும் மாங்காயைக் கீறி உப்புப் போட்டு ஒரு டப்பாவில் தந்தனுப்பினார். மிளகாய்த்தூளும் போட்டால் என்ன என்று கேட்டேன். "காரம் கொஞ்சம் கொறச்சுக்க தாயி" என்றார். முதுகுளத்தூர்க்காரியைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் சொல்லாமல் ஏறியது தெரிந்துபோய், வாயால் சொல்ல மனமில்லாமல் இப்படி ஓரங்கட்டுகிறார்கள். ஆனால் ஓரங்கட்டுகிறவர்கள் மாங்காய் தருவார்களா? எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், "அண்ணே, எம்மேல ஏதும் கோவமா?" என்று நேராகவே கேட்டேன்.

"எனக்கென்ன தாயி கோவம். சந்தோசந்தான்" என்றார். குழப்பம் இரண்டு மடங்கானது.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். அக்கா எங்கிருந்துதான் வந்தாரோ, அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, உங்களுக்கு அறிவிருக்கா? வயித்துப்புள்ளக்காரிய இந்தக் குண்டுங்குழியுமான ரோட்டுல பைக்குலயா ஏத்திட்டுப் போவீக? பஸ்ஸுல முன்சீட்டாப் பாத்து உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நான் தலையை மட்டும் லேசாக, அக்காவுக்குத் தெரியாதபடி, இல்லை என்று அசைத்தேன். முகம் பழையபடி ஆகிவிட்டது.

"யாருக்கா சொன்னா உங்களுக்கு?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"யாரு சொல்லணும்? மூணு மாசமா நீ ஒரு நாளுகூடக் கரையில நிக்கலயே, எனக்குக் கணக்குத் தெரியாதா? நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். மூணு மாசம் முடியாமச் சொல்லக் கூடாதுன்னு இருக்க போல, அதுவும் நல்லதுதான்."

பைக்கில்தான் கிளம்பினோம். ராமநாதபுரம் தாண்டியதும், "நெசமா இல்லையா?" என்று திரும்பாமலே கேட்டார். இல்லை என்றேன். போட்டு, நிபந்தனை, சார், ஓட்டை என்று எல்லாவற்றையும் அவர் முதுகைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் அவர் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை மெதுவாக இறக்கி ஏற்றித்தான் ஓட்டினார்.

வீட்டில் அன்றைக்கு இதே பேச்சு. இல்லை என்று அக்காவிடம் சொன்னால், பிறகு ஏன் கரையில் நிற்கவில்லை என்று கேட்பார். தீட்டோடு ஏறினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் போட்டு போயிற்று. வேறு போட்டு கிடைக்காது, ஆய்வு நிற்கும், நான் மறுபடி மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். சொல்லாவிட்டால்?

"சொல்லாட்டி பத்து மாசத்துல எந்தப் புள்ளயக் கொண்டுபோய்க் காட்டுவ?" என்றார் அவர்.

"நீங்களே சொல்லுங்க, என்ன செய்யட்டும்?"

"எனக்கு உரம் தெரியும், யூரியா தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். நல்ல மனுஷன், ஆனால் தேவையான நேரத்தில் ஒரு பதில் வராது அவரிடமிருந்து.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று போனேன். சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து போகப் பழகிவிட்டேன். உப்பு மாங்காயும் பழகிவிட்டது. கருவாட்டுப் பெண்களில் ஒருத்தி, "தலப்புள்ளன்னா வயிறு சீக்கிரம் தெரியாது, பயப்படாதீக" என்று தைரியம் சொன்னாள். நான் தலையாட்டினேன். குழந்தை பிறந்தால் பால் சுரக்க அவித்துத் தர வேண்டிய சுறாவைப் பற்றி அக்கா இப்போதே பேச ஆரம்பித்திருந்தார். நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று, எந்த வீட்டிலும் எனக்குக் கிடைக்காத மரியாதை அந்த ஊரில் எனக்குக் கிடைத்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது.

இதில் இன்னொரு கூத்து. அந்த மாதம் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. வழக்கமாகக் கடிகாரம் போல வருவது வரவில்லை. ஒரு வாரம் ஆனது, இன்னும் கொஞ்சம் ஆனது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் சோதித்துப் பார்க்கிற அட்டை வாங்கினேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேனே தவிரப் பிரிக்கவில்லை. பிரித்தால் ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் வந்துவிடும். பிரிக்காதவரைக்கும் இருக்கிறது அல்லவா? வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. ஊரார் சொல்லிச் சொல்லியே வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். விலங்கியல் படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே வயிற்றில் கையை வைத்துக்கொள்வேன். போட்டில் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, "மெதுவாண்ணே" என்று நானே சொல்ல ஆரம்பித்தேன்.

கடலில் வைத்துத்தான் வந்தது. தீவைத் தாண்டி மூன்றாவது கோட்டில் போய்க்கொண்டிருந்தோம். இடுப்பு பிடித்து இழுத்தது, வழக்கத்தைவிட அதிகமாக. எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தில் என்னத்தைப் பார்த்தாரோ, அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டைக் கரைக்குத் திருப்பினார். அலை முதுகில் ஏறாமல், பக்கவாட்டில் அடிக்காமல், நாற்காலி ஆடாமல் ஓட்டிவந்தார். கரையில் இறங்கியதும் அக்காவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அக்கா என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் பார்த்தார். சேலையில் பட்டிருந்தது. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "எனக்கும் மூத்தது ரெண்டும் தங்கல தாயி. இதே மாதிரித்தான்" என்று சொல்லி அழத் தொடங்கினார்.

அந்த அழுகையை வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அக்கா, அழுகாதீக. இது மாசாமாசம் வர்றதுதான். நான் உங்ககிட்டச் சொல்லாம ஏறிட்டு இருந்தேன். அந்த நாள்லயும் ஏறுனேன். மூணு மாசமா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டு வரும் என்று காத்திருந்தேன். போட்டு, சாமி, தீட்டு, வயிற்றுப்பிழைப்பு என்று அவர் கேட்கப்போகும் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. சண்டைக்கே தயாராக இருந்தேன்.

"அப்ப புள்ளயே இல்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. மாமியார் கேட்டிருக்கிறார், சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். யார் கேட்டாலும் அதில் ஒரு குத்தல் இருக்கும். இவர் கேட்டதில் அது இல்லை. ஒரு பிள்ளை இருந்தது, இப்போது இல்லை என்கிற வருத்தம் மட்டும் இருந்தது. "இல்லக்கா" என்றேன். அதன்பிறகு நான் அழுத அழுகை எனக்கே விளங்கவில்லை. இல்லவே இல்லாத பிள்ளைக்கு யாராவது இப்படி அழுவார்களா?

கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து, மாற்றிக்கொள்ள அவருடைய சேலை ஒன்றை எடுத்துத் தந்தார். "அவுக கிட்ட இதச் சொல்லிராத. கேட்டா மனுசன் போட்டக் கழுவிப் பூசை போட்டுட்டு, இனிமே உன்னய ஏத்தமாட்டாக. கலைஞ்சு போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். கொஞ்ச நாளைக்கு ஊருல போய் இரு. திரும்பி வந்தா அந்த நாள்ல ஏறாத. அம்புட்டுத்தான்."

"சாரு கேப்பாரேக்கா."

"எந்த சாரு? அந்த ஆள எங்கிட்டப் பேசச் சொல்லு."

ஊரில் போய் இருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் படுத்தே கிடந்தேன். சாரிடம் வயிற்றுவலி என்று சொன்னேன், அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அட்டையை வீட்டுக்காரர் என் பையில் பார்த்துவிட்டார். எதற்கு வாங்கினாய் என்று அவரும் கேட்கவில்லை. அய்யா போனில், "ஓங்கிலெல்லாம் எண்ணி முடிச்சாச்சா?" என்று கேட்டதற்கு மட்டும், முடியவில்லை அய்யா, நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.

மறுபடி போட்டுக்குப் போன அன்றைக்கு நாற்காலி இல்லை. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேமராப் பையை மட்டும் வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டு, "ஏறு தாயி" என்றார். அணியத்தில் போய் நின்றேன். காற்று இல்லாத நல்ல காலை. முதல் கோட்டில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் ஒன்றுமில்லை. தீவுக்குப் பக்கமாகத் திரும்பும்போது இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது. போட்டு கோட்டை விட்டு விலகி ஆழ்கடல் பக்கம் திரும்பியது.

"ஏண்ணே?"

"அங்கன ஒண்ணும் இல்ல தாயி. இந்தப் பக்கம் போவோம்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தீவை ஒட்டிய தண்ணீரில் ஒரு ஓங்கில் எழும்பியது. அதன் விலாவை உரசிக்கொண்டு இன்னொன்று, முழங்கை நீளம்தான் தெரிந்தது, கருகருவென்று. கேமராவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தச் சின்ன உடம்பில் வெளிறிய கோடுகள் இருந்தன. தாயின் வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த தடம் அது, பிறந்து சில வாரத்தில் அழிந்துவிடும். புத்தம் புதுக் குட்டி. நானும் சாரும் இத்தனை மாதமாகத் தேடியது, இந்தக் கூட்டம் முடிந்துபோகவில்லை என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி, என் கண்ணெதிரே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. போட்டு அதைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் வெகுதூரம் வந்துவிட்டோம், இனி படம் எடுத்தால் துடுப்பும் தெரியாது, கோடும் தெரியாது.

"திருப்புங்கண்ணே. நான் பாக்கணும். இதுதான் என் வேலையே."

"வேணாம் தாயி. பாக்காத."

"எனக்கு ஒண்ணும் ஆகலண்ணே. நெசமாவே எனக்கு ஒண்ணும் ஆகல."

அவர் முதல்தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பவில்லை. இன்ஜினை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்மேலா, அக்காமேலா, அந்தக் குட்டிமேலா என்று தெரியவில்லை. உண்மையை இப்போது கத்திச் சொன்னால் போட்டு இந்த இடத்திலேயே திரும்பிவிடும், கரைக்கு. சொல்லாவிட்டால் குட்டி போய்விடும். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"அழுகாத தாயி" என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தபடியே. "அடுத்த தடவ தங்கும்."